பூவும் தலையும், பெண்ணும் ஆணும்

ஓர் இல்லத்தில் அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள் பிறந்துவிட்டால், அவ்வீட்டுப் படியேறும் உறவினர் அனைவரும் திடீரெனக் கணித வல்லுநர் ஆகிவிடுகின்றனர். "மூன்றும் பெண்தானே? கவலைப்படாதே, நான்காவது கட்டாயம் ஆண்தான்" என்று ஒருவர் ஆறுதல் கூறிச் செல்வார். அவர் தெருமுனை திரும்புமுன் வந்து சேரும் மற்றொருவர், "மூன்றும் பெண் என்றால் இவளுக்குப் பெண் ராசி, நான்காவதும் அப்படித்தான் இருக்கும்" என்று உதட்டைப் பிதுக்குவார். இருவருக்கும் கிடைத்த செய்தி ஒன்றே. அதிலிருந்து ஒருவர் வடக்கே போகிறார். மற்றவர் தெற்கே போகிறார். இருவரும் தத்தம் முடிவில் அசையா உறுதியோடு இருக்கின்றனர் என்பதுதான் வேடிக்கை.

இதனை வேடிக்கை என்று சொல்லிக் கடந்துவிட இயலாது. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பவள் ஒரு தாய். கூடத்தில் விளையாடிக்கொண்டிருப்பவை மூன்று சிறுமிகள். தாங்கள் மூவரும் ஏதோ தவறிப்போன மூன்று முயற்சிகள் என்று அவர்கள் உணர்ந்துகொள்ள நெடுநாள் ஆவதில்லை. நாங்கள் கணவனும் மனைவியுமாக உயர்நிலைப் பள்ளிகளில் நீண்ட காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர்கள். நிகழ்தகவு என்னும் பாடத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பித்த நாள்களில், இதைத் தேர்வுக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் கற்பித்தால் எத்துணை நலமாயிருக்கும் என்று எங்களுக்குள் பலமுறை பேசிக்கொண்டதுண்டு. அந்தப் பேச்சே இக்கட்டுரையாக விரிந்தது.

ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்வோம். சுண்டிவிட்டால் பூ விழும், அல்லது தலை விழும். பெண்ணைப் பூ என்றும் ஆணைத் தலை என்றும் வைத்துக்கொள்வோம். மாற்றி வைத்தாலும் கணக்கில் ஒன்றும் குறையாது. ஒரு முறை சுண்டினால் இரண்டு வழிகள். இரு முறை சுண்டினால் பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை என நான்கு வழிகள். மும்முறைக்கு எட்டு. நான்கு முறைக்குப் பதினாறு. இப்பதினாறு வழிகளும் ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வு இல்லாதவை. பூ-பூ-பூ-பூ என்பது பதினாறில் ஒன்று. பூ-பூ-பூ-தலை என்பதும் பதினாறில் ஒன்றுதான்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். "நான்கும் பெண்ணாகப் பிறப்பது பதினாறில் ஒரு பங்குதான் என்று நீங்களே சொல்கிறீர்கள், அது அரிது அல்லவா? ஆகவே நான்காவது ஆணாகத்தானே இருக்க வேண்டும்?" என்று எங்கள் மாணவர்கள் கேட்பர். நல்ல கேள்வி. அரிதுதான், ஆனால் எப்போது அரிது? முதற்குழந்தைகூடப் பிறவாத நாளில், திருமணப் பந்தலில் நின்று எண்ணிப்பார்த்தால் அரிது. மூன்று பெண்கள் பிறந்தபின்னரோ, பதினாறு வழிகளில் பதினான்கு அடைபட்டுப் போயின. எஞ்சி நிற்பவை இரண்டே. ஒன்று பெண்ணில் முடிகிறது. மற்றொன்று ஆணில் முடிகிறது. அரிதாக நிகழக்கூடியதில் பெரும்பகுதி முன்னரே நிகழ்ந்துவிட்டது. இனி மீதமிருப்பது ஒரேயொரு சுண்டுதல்.

இதே பதினாறை இன்னும் சிறிது கிளறிப் பார்த்தால் மற்றொரு வியப்புக் கிட்டும். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் "இரண்டு ஆண், இரண்டு பெண்" என்பதே இயல்பான அமைப்பு என்றும், மற்றவை குறைபாடு என்றும் பலர் எண்ணுகின்றனர். எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு இரண்டு வருவது பதினாறில் ஆறு வழிகளில். மூன்று ஒருபுறமும் ஒன்று மறுபுறமுமாக வருவது எட்டு வழிகளில். நான்கும் ஒரே வகையாக வருவது இரண்டு வழிகளில். ஆக, நான்கு பிள்ளைகள் கொண்ட வீடுகளில் சரிபாதியில் மூன்றுக்கு ஒன்று என்ற பிரிவே அமையும். சமமாக அமைந்த வீடுதான் எண்ணிக்கையில் குறைவு.

வகுப்பறையில் நாங்கள் வழக்கமாகச் செய்துவந்த ஒரு சோதனை உண்டு. மாணவரை இரு பிரிவாகப் பிரிப்போம். ஒரு பிரிவினர் நாணயத்தை உண்மையாகவே நூறுமுறை சுண்டி, வந்ததை வரிசையாக எழுத வேண்டும். மறு பிரிவினர் சுண்டாமலேயே, சுண்டியதுபோல் தோன்றுமாறு தம் மனத்திலிருந்து நூறு பூக்களையும் தலைகளையும் எழுத வேண்டும். யார் எந்தப் பிரிவு என்று எங்களுக்குத் தெரியாது. தாள்களை வாங்கிப் பார்த்து, "இது சுண்டியது, இது புனைந்தது" என்று பிரித்துக் கொடுப்போம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிள்ளைகள் மாயவித்தையோ என்று மலைப்பர். மாயம் ஒன்றுமில்லை. மனத்திலிருந்து எழுதுகிற பிள்ளை மூன்று பூக்களை அடுத்தடுத்து எழுதியதும் கை கூசி, நான்காவதைத் தலையாக்கிவிடும். உண்மை நாணயத்துக்கு அந்தக் கூச்சமில்லை. நூறுமுறை சுண்டினால், எங்கேனும் ஓரிடத்தில் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையோ அதற்கு மேலோ விழுவதற்கு நூற்றுக்கு எண்பது வாய்ப்பு உண்டு. ஐந்து முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுவது ஏறக்குறைய உறுதி. ஆகவே, ஆறு பூ வரிசையாக நிற்கும் தாளை நாங்கள் நம்புவோம். மூன்றுக்கு மேல் செல்லாத தாளை ஐயுறுவோம்.

ஒரு மறைமாவட்டத்தில் உள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களை இந்தத் தாள்களைப் போல் எண்ணிக்கொண்டால், அங்கங்கே நான்கு பெண், ஐந்து பெண் என்று தொடர்ந்து வரும் வீடுகள் இருந்தே தீரும். இல்லாதிருந்தால்தான் கணிதம் படித்தவர்கள் ஐயுற வேண்டும்.

"அப்படியானால் நெடுங்கால அளவில் பாதிக்குப் பாதி வந்துவிடும் என்கிறார்களே, அது எவ்வாறு? மூன்று பூவுக்கு ஈடாக மூன்று தலை வந்தாக வேண்டாமா?" என்று வினவலாம். இதற்கு ஒரு கைதியின் வரலாறு நல்ல விடை தருகிறது. தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்துவந்த ஜான் கெர்ரிச் என்பவர், 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபனேகனுக்குத் தம் மனைவியின் உறவினரைக் காணச் சென்றிருந்தார். அவ்வேளையில் செருமானியப் படைகள் அந்நாட்டில் புகுந்தன. பகை நாட்டவர் என்பதால் அவர் காவல் முகாமில் அடைக்கப்பட்டார். போர் முடியும்வரை வெளிவர இயலாத நிலையில், பொழுதை வீணாக்காமல் அவர் ஒரு நாணயத்தைப் பதினாயிரம் முறை சுண்டிக் கணக்கெழுதினார்.

முதல் பத்தில் தலை விழுந்தது 4 முறை. நூறில் 44. ஆயிரத்தில் 502. பதினாயிரத்தில் 5067. இவ்வெண்களைச் சற்றே உற்று நோக்குங்கள். ஆயிரம் முறை சுண்டியபோது சரிபாதியைவிட இரண்டே தலைகள் மிகுதி. பதினாயிரமாவது முறையிலோ அறுபத்தேழு மிகுதி. வேறுபாடு குறையவில்லை, கூடிவிட்டது! ஆயினும் விழுக்காடாகப் பார்த்தால் 50.67, அதாவது பாதிக்கு மிக அண்மையில். நாணயம் முன்பட்ட கடனைத் திருப்பிச் செலுத்துவதில்லை. பழைய மிகுதி அப்படியே கிடக்கிறது. அதன்மேல் புதிய எண்கள் குவியக் குவிய, பானை நீரில் இட்ட ஒரு கை உப்பு குளத்தில் கரைந்ததுபோல் அது தெரியாமற் போகிறது. மூன்று பெண் பெற்ற வீட்டுக்கு மூன்று ஆண் குழந்தைகளை எவரும் பாக்கி வைத்திருக்கவில்லை.

குழந்தை பிறப்பை நாணயத்தோடு ஒப்பிடுவது தகுமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். உயிரின் மதிப்பை நாங்கள் இங்கே அளக்க வரவில்லை. ஆணா பெண்ணா என்பது முடிவாகும் முறையை மட்டுமே சொல்லுகிறோம். அம்முறை நாணயத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் என்னும் ஒரே வகைக் குரோமோசோம்தான் உண்டு. தந்தையின் உயிரணுக்களிலோ ஏறத்தாழப் பாதியில் எக்ஸும், பாதியில் ஒய்யும் இருக்கின்றன. எக்ஸ் உடைய அணு சேர்ந்தால் பெண். ஒய் உடையது சேர்ந்தால் ஆண். அமெரிக்க நாட்டு உயிரியலாளரான நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் பெண்மணி, மாவில் உண்டாகும் ஒருவகை வண்டின் அணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இந்த வேறுபாடு ஆணிடத்திலிருந்தே வருகிறது என்று 1905-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்பவரும் தனியே ஆராய்ந்து இதையொத்த முடிவுக்கு வந்தார்.

நூறாண்டுகளுக்கும் மேலாயிற்று. நாணயத்தைச் சுண்டும் கை தந்தையினுடையது என்பது பள்ளிப் பாடநூலிலேயே உள்ளது. ஆயினும் பூ விழுந்தால் திட்டு வாங்குபவள் தாய்தான்.

எங்கள் நெருங்கிய உறவில் ஒரு பெண் இருக்கிறாள். மூன்று பெண் குழந்தைகளின் தாய். நான்காம் முறை அவள் கருவுற்றிருந்தபோது ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேச்சுக்கிடையே, "பெரியம்மா, மூன்று தடவை தவறிவிட்டது. இந்தத் தடவையும் தவறினால் அத்தை முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்றாள். 'தவறிவிட்டது' என்ற சொல் எங்களை உலுக்கிவிட்டது. அருகில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்த அவளுடைய மூத்த மகள் தலை நிமிராமலே இருந்தாள். மாமியார் தீயவரல்லர். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருந்தார், மருமகளுக்குப் பால், பழம், மருந்து எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அத்தனையும் பிறக்கப்போகும் பேரனுக்காக என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது.

அவளிடம் நாங்கள் அதிகம் பேசவில்லை. அவள் கணவரை அழைத்துத்தான் பேசினோம். படித்தவர், ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எக்ஸ், ஒய் எல்லாம் தேர்வுக்குப் படித்திருக்கிறார். "ஆமாம் பெரியப்பா, படித்திருக்கிறேன்" என்றார். படித்ததற்கும் தம் வீட்டுக்கும் தொடர்புண்டு என்று மட்டும் அவருக்கு அதுவரை தோன்றவில்லை போலும். வெகு நேரம் மேசைமேலிருந்த ஐந்து ரூபாய் நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவதும் பெண்ணாகவே பிறந்தது. மாமியார் இரண்டு நாள் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மகன் அவரிடம், "அம்மா, இதில் குறை என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது, அவளைச் சொல்லாதீர்கள்" என்றாராம். "படித்தவர்கள் எதையாவது சொல்வீர்கள்" என்று அந்த அம்மையார் முணுமுணுத்தாராம். விஞ்ஞானத்தை அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் மருமகளைப் பழிக்கும் பேச்சு அன்றோடு நின்றது. மகன் தன் பேரில் ஏற்றுக்கொண்ட குற்றத்தை எந்தத் தாய்தான் மேலும் கிளறுவாள்?

நாணயமும் பிறப்பும் முற்றிலும் ஒன்றேயல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வேறுபாட்டை உலகுக்குத் தெரிவித்தவை திருமுழுக்குப் பதிவேடுகள் என்பது நம் பங்குக் குடும்பங்களுக்குச் சுவையான செய்தி. இலண்டன் மாநகரின் ஆங்கிலத் திருச்சபைக் கோவில்களில் 1629 முதல் 1710 வரை எண்பத்திரண்டு ஆண்டுகள் திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளின் கணக்கை, அரசியின் மருத்துவராயிருந்த ஜான் ஆர்பத்நாட் என்பவர் எடுத்து ஆராய்ந்தார். 1629-இல் ஆண் குழந்தைகள் 5218. பெண் குழந்தைகள் 4683. அந்த ஓர் ஆண்டு மட்டுமன்று. எண்பத்திரண்டு ஆண்டுகளிலும், ஓராண்டுகூடத் தவறாமல், ஆண் குழந்தைகளே மிகுதி. சரியான நாணயமாயிருந்தால் எண்பத்திரண்டு முறை அடுத்தடுத்துத் தலையே விழுந்ததற்கு இது ஒப்பாகும். அதற்குரிய வாய்ப்பைப் பின்னமாக எழுதினால், மேலே ஒன்று. கீழே இருபத்தைந்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்! தற்செயலாக இப்படி நிகழாது. வெளியே சென்று உழைக்கும் ஆண்கள் இடர்களில் மிகுதியாக மடிவதால், அக்குறையை நிரப்ப இறைவனின் பராமரிப்பே ஆண்களைச் சற்றுக் கூடுதலாகப் பிறப்பிக்கிறது என்று அவர் வாதிட்டார்.

சுவிட்சர்லாந்தின் நிக்கோலாஸ் பெர்னூலி இதற்கு ஒரு மறுமொழி சொன்னார். முப்பத்தைந்து முகங்கள் உள்ள ஒரு பகடையை நினைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு முகம் வெள்ளை, பதினேழு முகம் கறுப்பு. அதை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முறை உருட்டினால், எண்பத்திரண்டு ஆண்டும் வெள்ளையே மிகுவதில் வியப்பில்லை என்றார் அவர். பராமரிப்பை மறுக்க இந்தக் கணக்கு போதாது என்பது எங்கள் கருத்து. பகடைக்குப் பதினெட்டு வெள்ளை முகம் எப்படி வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறதல்லவா? ஆனால் கணிதம் என்ற அளவில் பெர்னூலி சொன்னதே சரி. உலகெங்கும் இயல்பாக நூறு பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ நூற்றைந்து ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. நாணயம் இம்மியளவு ஆண் பக்கம் சாய்ந்திருக்கிறது. (கையிலுள்ள உலோக நாணயமும் அப்பழுக்கற்றதன்று. 2023-இல் அறிஞர் பலர் கூடி 3,50,757 முறை சுண்டிப் பார்த்தபோது, சுண்டும்போது மேலேயிருந்த பக்கமே நூற்றுக்கு 50.8 முறை மீண்டும் மேலே வந்ததாம்! அதற்கும் பொறுமை வேண்டும்.)

குடும்பத்துக்குக் குடும்பம் ராசி உண்டா என்பதையும் ஆராய்ந்திருக்கின்றனர். சுவீடன் நாட்டில் பிறந்த நாற்பத்தேழு இலட்சம் குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு 2020-இல் வெளிவந்த ஆய்வு, முந்தைய குழந்தையின் பாலுக்கும் அடுத்த குழந்தையின் பாலுக்கும் தொடர்பு காணவில்லை. அமெரிக்கச் செவிலியர் ஐம்பத்தெட்டாயிரம் பேரின் குடும்பங்களைப் பற்றி 2025-இல் வெளிவந்த வேறோர் ஆய்வோ, மூன்றும் பெண்ணாயிருந்தால் நான்காவதும் பெண்ணாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்றது. இவ்விரண்டில் எது நிலைக்கும் என்பது அறிஞர்களிடையே இன்னும் வழக்காகவே உள்ளது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. "அடுத்தது ஆண்தான்" என்று உறுதி கூறுபவருக்கு இரண்டில் எதுவும் துணைநிற்கவில்லை.

ஆண் பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இப்படி எல்லோரும் செய்தால் ஊரில் ஆண்கள் மிகுந்துவிடுவர் என்று சிலரும், பெண்கள் மிகுந்துவிடுவர் என்று வேறு சிலரும் கூறுவர். எண்ணூறு குடும்பங்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். முதற்பேற்றில் நானூறு ஆண், நானூறு பெண். ஆண் பெற்றவர் நிறுத்திவிடுகின்றனர். மீதி நானூறு குடும்பங்களில் இரண்டாம் பேற்றில் இருநூறு ஆண், இருநூறு பெண். மூன்றாவதில் நூறும் நூறும். நான்காவதில் ஐம்பதும் ஐம்பதும். அத்துடன் எல்லோரும் நிறுத்திவிட்டதாகக் கொள்வோம். ஆண்கள் மொத்தம் 750. பெண்களும் 750! இத்தனை முயற்சிக்கும் பின்னர் ஊரின் விகிதம் ஓர் எள்ளளவும் மாறவில்லை.

மாறியது வேறொன்று. ஒரே பிள்ளையோடு நிறுத்திய நானூறு வீடுகளிலும் உள்ள பிள்ளை ஆண். மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் உள்ள வீடுகளில் வளரும் பெண்கள் 550 பேர். அத்தகைய வீடுகளில் வளரும் ஆண்கள் 150 பேர் மட்டுமே. பெண்ணை யாரும் வெறுக்காமல், அடிக்காமல், உணவில் பாகுபாடு செய்யாமல் இருந்தாலுங்கூட, பெண் பிள்ளைகளுக்கு நெரிசலான வீடும், பங்கிட்ட சோறும், பங்கிட்ட பள்ளிக் கட்டணமும் இப்படியே வந்து சேர்ந்துவிடுகின்றன. இதைக் கரும்பலகையில் முதன்முறை போட்டுக் காட்டிய நாளில், வகுப்பில் பெண்கள் பக்கத்தில் நிலவிய அமைதி எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. தங்கள் வீட்டுக் கணக்கைப் பலகையில் கண்டுகொண்டவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

மகனுக்காக ஏங்கித் தவறாகக் கணக்கிடுவது நம் நாட்டவருக்கு மட்டுமே உரிய குணமன்று. பிரான்சு நாட்டின் மாபெரும் கணித அறிஞரான லாப்லாஸ், நிகழ்தகவு பற்றி 1814-இல் வெளியிட்ட கட்டுரை நூலில், தாம் கண்ட சில தந்தையரைப் பற்றி எழுதியிருக்கிறார். மனைவியின் பேறுகாலம் நெருங்கிய மாதத்தில் ஊரில் ஆண் குழந்தைகள் பிறந்ததாகக் கேட்டால் அவர்கள் கலங்குவார்களாம். மாத முடிவில் இருபாலும் ஒரு விகிதத்துக்கு வந்தாக வேண்டும், ஆண்கள் முன்னரே பிறந்துவிட்டால் இனிப் பெண்களே மிஞ்சுவர் என்பது அவர்கள் எண்ணம். ஊரிலுள்ள ஆண் குழந்தைகள் ஏதோ ஒரு மூட்டையில் எண்ணி வைத்த பண்டம் போலவும், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துக்கொண்டால் தமக்குக் குறைந்துவிடும் போலவும்!

அதே லாப்லாஸ் கண்டறிந்த மற்றொன்று நகைப்புக்கு உரியதன்று. பிரான்சின் பிற பகுதிகளில் 21 பெண்களுக்கு 22 ஆண்கள் வீதம் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். பாரிசு மாநகரில் மட்டும் 24 பெண்களுக்கு 25 ஆண்கள். வேறுபாடு மிகச் சிறியது. மேலோட்டமாகப் பார்ப்பவர் தற்செயல் என்று விட்டுவிடுவர். ஆனால் எண்கள் இலட்சக் கணக்கில் இருந்ததால், தற்செயல் என்று அவர் விடவில்லை. ஏதோ ஒரு காரணம் பாரிசில் பெண் குழந்தைகளைக் கூடுதலாக்குகிறது என்று தேடினார். அந்நகரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்து அங்கே விடப்பட்ட குழந்தைகளும் பாரிசின் திருமுழுக்குக் கணக்கில் சேர்ந்திருந்தனர். பெற்றோர் ஆண் குழந்தையைச் சற்றே தயங்கி வைத்துக்கொண்டு, பெண் குழந்தையைச் சற்றே எளிதாக விட்டுச் சென்றனர். அந்த இல்லத்துக் குழந்தைகளைக் கழித்துவிட்டு எண்ணியபோது பாரிசும் மற்ற ஊர்களின் விகிதத்துக்கே வந்துவிட்டது. எந்தத் தாய் எந்த இரவில் எந்தக் குழந்தையை விட்டாள் என்பது யாருக்கும் தெரியாது. பதிவேட்டின் கூட்டுத்தொகையில் மட்டும் அது தெரிந்துவிட்டது.

நம் நாட்டுப் பதிவேடுகளும் இதைப் போலவே பேசியிருக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு, 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 976 பெண் குழந்தைகள் இருந்தனர். 2011-இல் அவ்வெண் 919. தமிழ்நாட்டில் 1991-இல் 948, 2001-இல் 942, 2011-இல் 943. நூற்றைந்துக்கு நூறு என்ற இயற்கை விகிதப்படி பார்த்தால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 952 பெண் குழந்தைகள் பிறக்க வேண்டும். குழந்தைப் பருவ நோய்களில் இயல்பாக ஆண் குழந்தைகளே சற்று மிகுதியாக இறப்பதால், ஆறு வயதில் அந்த எண் 952-க்கு மேலே இருக்க வேண்டுமேயன்றிக் கீழே இறங்குவதற்குக் காரணமில்லை. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கியதும், கருவிலிருக்கும் குழந்தையின் பாலை அறிந்து சொல்வதைத் தடுக்க 1994-இல் நடுவணரசு சட்டம் இயற்றியதும், ஆயிரத்தில் ஐந்தும் பத்தும் முப்பதுமாக எங்கோ குறைந்துகொண்டிருந்த இக்குழந்தைகளின் பொருட்டே.

தம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டி எண்ணிப்பார்க்க விரும்பும் இளைஞர்கள், பங்குக் குருவிடம் அனுமதி பெற்றுத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. நூறு பெயர்களை மட்டும் எண்ணினால், பெண்கள் நாற்பது முதல் அறுபது வரை எவ்வளவு வந்தாலும் அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய இயலாது. நாணயமே அவ்வளவு ஆடும். ஆயிரத்தை எண்ணினால் முப்பதளவு ஆடும். பதினாயிரத்தில் அந்த ஆட்டம் நூறளவில் அடங்கிவிடும். ஆகவே ஒரே பங்கோடு நில்லாமல், அண்டைப் பங்குகளையும் சேர்த்துக்கொண்டு, குறைந்தது ஐம்பது ஆண்டுப் பதிவுகளையேனும் எண்ண வேண்டும்.